பாடியது புஷ்பபாய்

“இது என் பாட்டு. எழுதிப் பாடியது புஷ்பபாய், பாறசாலை” என்று எழுதி முடிப்பதற்குள் புஷ்பபாயின் பாலில்லாத கட்டன்காப்பி ஆறிவிடும். எழுதுவது ஒரே விரல். மற்ற விரல்களுக்கெல்லாம் போனைப் பிடித்துக்கொள்கிற வேலை. ‘ழு’ வர வேண்டிய இடத்தில் போன் தன்னிஷ்டத்துக்கு வேறு எதையாவது கொண்டுவந்து வைத்தால், “நீ சும்மா இரி. உனக்குத் தெரியாது” என்று அதட்டிவிட்டு அழிப்பார். முழுவதும் எழுதியானதும் ஒருமுறை வாய்விட்டு வாசிப்பார். அப்புறம்தான் அம்புக்குறியைத் தொடுவார். மறுநாள் காலையில் பார்த்தால் பாட்டுக்குக் கீழே அந்த வரி இருக்காது. யாரோ அழித்திருப்பார்கள். புஷ்பபாய் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மறுபடியும் எழுத உட்காருவார்.

அவருடைய சபையில் ஒலிபெருக்கியும் நேரலையும் பார்த்துக்கொள்பவர் ஜெனில். தொழில் எலக்ட்ரீஷியன், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் ஒருநாள், “மாமி, ஒருக்கா எழுதி வச்சிட்டா போரும். தினமும் அதையே எடுத்து ஒட்டலாம். நான் காட்டித் தாறேன்” என்றார்.

“நேத்து பல்லு தேச்சாச்சுண்ணு இன்னைக்குத் தேய்க்காம இருக்கியோமா மக்கா? ஒட்டியதுல எனக்குத் திருப்தி இல்ல. எழுதணும்.”

அறுபதைத் தாண்டியவர். குள்ளமான, கெட்டியான உடம்பு. குரல் மட்டும் உடம்பைவிட ஒரு அளவு பெரிது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டால் அதற்கும் அடுத்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். தன்னைவிட இளையவர்கள் எல்லோரும் அவருக்கு ‘மக்கா’தான். புதிதாக வந்த போதகருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, “இரிங்க மக்கா” என்று நாற்காலி போட்டுக் கொடுத்தவர். பாடுவதற்கு முன் நல்லமிளகு ஒன்றிரண்டைக் கடவாயில் ஒதுக்கிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் பாட்டை யாரும் பாடுவதில்லை, படிப்பார்கள். “மிளகு கடிச்சாத்தான் எனக்குப் படிக்க வரும். இல்லாட்டா தொண்டைக்க உள்ள ஒரு கதவு சாத்தியே கிடக்கும்” என்பார்.

காலையில் கணவர் கனகதாஸ் ரப்பர் வெட்டிவிட்டு வருவார். மரத்தில் வடிந்த பாலை எடுப்பதும் அதை ஷீட்டாக அடிப்பதும் புஷ்பபாயின் வேலை. சொந்த மரங்கள்தான், அதிகமில்லை. நற்செய்திக் கூட்டங்கள் நடக்கிற கன்வென்ஷன் காலம் வந்தால் வேலை மாறிவிடும். ஆரியங்கோட்டிலிருந்து அதியன்னூர் வரை எங்கே பந்தல் போட்டாலும் வாசலில் புஷ்பபாயின் மேசை இருக்கும். பைபிள், பாட்டுப் புத்தகம், காலண்டர், சுவரில் மாட்டுகிற வசனப் பலகை. முன்பெல்லாம் அந்த மேசையில் பாதி இடம் கேசட்டுக்கு, பிறகு சிடிக்கு, பிறகு பாட்டு ஏற்றிய மெமரி கார்டுக்கு. கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு சின்னப் பெட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு புஷ்பபாய் ஒரு சரணம் படிப்பார். போகிறவர்கள் நிற்பார்கள். நின்றவர்களில் சிலர் வாங்குவார்கள்.

இப்போது பாட்டை யாரும் மேசையில் வாங்குவதில்லை. அதைச் சொல்லி அவரிடம் அனுதாபம் பிடிக்க நினைத்தால் நடக்காது. “கேசட்டு போனதுக்கு ஆரும் கரைய வேண்டாம். நாடா குருங்கினா பென்சில் வச்சுத் திருகித் திருகி எனக்க கை தேஞ்சுது. சிடியில ஒரு கீறல் விழுந்தா இயேசு, இயேசு, இயேசுண்ணு அங்கனயே நிக்கும். மோள் மஸ்கட்டுல இருக்கா. இஞ்ச நான் படிச்சா அங்க அவ கேக்கியா. இது நல்லதாக்கும்” என்பார்.

நல்லது என்று அவர் சொன்ன அந்தப் போன்தான் அவருடைய வாயை அடைத்தது.

அது சபையின் அறுப்புப் பண்டிகை நாள். ஆராதனையும் அசனமும். வாசலில் வாழைக்குலையும் பலாக்காயும் ஏலத்துக்குக் குவிந்திருந்தன; பின்புறம் பெரிய வார்ப்புகளில் அசனச் சோறு வெந்துகொண்டிருந்தது. வெளிநாடுகளில் இருக்கிற சபைப் பிள்ளைகளுக்காக ஜெனில் நேரலை போட்டிருந்தார். காணிக்கை எடுக்கும்போது புஷ்பபாய் எழுந்து தன்னுடைய பாட்டைப் படித்தார்.

ஒழுகிற கூரைக்குக் கீழேயும்
ஒரு விளக்கு வைத்தீரே…

மகள் ஜிஜா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தாள். ஓட்டுக்கூரை ஒழுகாத ஒரே மூலையில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டு, உறங்க வைப்பதற்காக முனகியது பாட்டாக நீண்டது. எழுதியதும் அவரே, மெட்டுப் போட்டதும் அவரே. மெட்டு என்று ஒன்று போட்டோம் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

பண்டிகை முடிந்து சில நாளில் மஸ்கட்டிலிருந்து ஜிஜா கூப்பிட்டாள். அன்றைக்கு டியூட்டியில் இருந்ததால் நேரலையைப் பார்க்கவில்லை. பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

“அம்மா, நீங்க நிக்கியது காணுது, வாய் அசையது காணுது. சத்தம் மட்டும் இல்ல. உங்களுக்கு முன்ன போதகர் ஐயரு பேசியது கேக்குது, பின்ன கமிட்டிக்காரங்க பேசியதும் கேக்குது. உங்க பாட்டு மட்டும் இல்ல.”

புஷ்பபாய் நேராக ஜெனில் வீட்டுக்குப் போனார். ஜெனில் சபையின் சேனலைத் திறந்து பார்த்தார். இந்தப் பாட்டின் உரிமை எர்ணாகுளத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கு என்றும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி அந்தப் பகுதியின் ஒலி நீக்கப்பட்டது என்றும் வந்திருந்தது. ஜெனில் அதைத் தமிழில் சொன்னார். புஷ்பபாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“எனக்கத் தொண்டைக்கு எர்ணாகுளத்துல உடமக்காரனா?”

பிறகு சிரிப்பு நின்றது. ஜெனில் தேடி அந்தக் கம்பெனி போட்டிருந்த பாட்டை எடுத்துவிட்டார். எங்கேயோ வெளிநாட்டுக் கோதுமை வயல், அதில் அஸ்தமன சூரியன். அசையாத அந்தப் படத்துக்குப் பின்னால் புஷ்பபாயின் இளவயதுக் குரல். பாட்டின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். பாடியவர் என்ற இடத்தில் ‘குழுவினர்’ என்று இருந்தது. கேட்டவர்களின் எண்ணிக்கையை ஜெனில் சொன்னபோது புஷ்பபாய்க்கு அது மனதில் ஏறவில்லை. “அது நம்ம ஜில்லா முழுக்க உள்ள ஆளா?” என்று கேட்டார்.

கீழே எழுதியிருந்தவற்றை ஜெனில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். மட்டக்களப்பிலிருந்து ஒருவர். மலேசியாவில் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவுக்குத் தினமும் போட்டுக் காட்டுவதாக ஒரு பெண். அவர்களில் பலரும் ஒன்றையே கேட்டிருந்தார்கள்: இது யாருடைய குரல்? பாடிய சகோதரியின் பெயர் என்ன? உயிரோடு இருக்கிறார்களா?

 மேசை போட்டுப் பாட்டு விற்ற அத்தனை வருஷத்திலும் அந்தப் பாட்டு நெய்யாற்றைத் தாண்டிப் போனதாக அவருக்குத் தெரியாது. அது கடலைத் தாண்டிப் போயிருக்கிறது. யாருக்கோ தூக்கம் கொடுத்திருக்கிறது. அவர் முகத்தில் சந்தோஷம்தான் முதலில் வந்தது என்று ஜெனில் சொல்கிறார்.

“இத்தற பேரு கேட்டிருக்கினும். ஒருத்தனாவது பதில் சொன்னானா?”

“இல்ல மாமி.”

“எழுதியது எப்பிடிண்ணு காட்டு.”

அப்படித்தான் முதல் வரி எழுதப்பட்டது. கோபத்தில் எழுதியது அல்ல. கேட்டவர்களுக்குச் சொன்ன பதில். மறுநாள் காலையில் அதைக் காணவில்லை. “கேட்டவங்களுக்குப் பதில் சொல்லப்பிடாதா?” என்று புஷ்பபாய் கேட்டது அப்போதுதான். அதற்குப் பிறகு அவருடைய நடையே மாறிவிட்டது என்று கனகதாஸ் சொல்வார். முற்றத்தில் நடந்தால் மண் அதிர்ந்ததாம்.

பாட்டைக் கேசட்டில் பிடித்தவர் நெய்யாற்றின்கரை மோகனன். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தின் எல்லாப் பக்திக்கும் ஒரே ஸ்டுடியோ அவருடையதுதான்; காலையில் சாஸ்தா பாட்டு, மத்தியானம் கிறிஸ்மஸ் பாட்டு. கன்வென்ஷன் மேசையில் புஷ்பபாய் படிப்பதைக் கேட்டு அவரே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். கூலியாகக் கொஞ்சம் கேசட்டுகளைக் கட்டித் தந்தார். அதன் அட்டையில் ஓர் ஆட்டுக்குட்டியின் காலடியில் ‘பாடியது: புஷ்பபாய்’ என்று சின்ன எழுத்தில் இருந்தது. பிற்பாடு பல பேருடைய பாட்டைச் சேர்த்து சிடி போட்டபோது அட்டையில் இடம் போதவில்லை. பெயர்கள் போயின.

புஷ்பபாய் போனபோது மோகனன் கடையில் இருந்தார். இப்போது அது மொபைல் உறையும் சார்ஜரும் விற்கிற கடை. பாட்டுப் பிடித்த அறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. சுவரில் சத்தம் உறிஞ்சுவதற்காக ஒட்டிய பஞ்சு மட்டும் அப்படியே இருந்தது. மோகனனுக்கு அவரைக் கண்டதில் சந்தோஷம். விஷயத்தைக் கேட்டதும் சந்தோஷம் குறைந்தது.

“அது ஞான் கொடுத்துப்போயல்லோ, புஷ்பபாயே” என்று மலையாளத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். “கேசட்டும் போச்சு, சிடியும் போச்சு. பழைய டேப்பெல்லாம் வச்சு நான் என்ன செய்ய? எர்ணாகுளத்துக் கம்பெனிக்காரங்க மொத்தமா எடுத்துக்கிடுதோம், ஒப்பு போடுண்ணு சொன்னினும். போட்டேன்.”

“அதுல எனக்கப் பாட்டும் உண்டா அண்ணா?”

“உண்டு.”

“எங்கிட்ட கேட்டியளா?”

மோகனன் கொக்கியில் தொங்கிய சார்ஜர் வயர்களை ஒழுங்குபடுத்தினார். “சத்தம் நான் பிடிச்சதாக்கும். மைக்கு என்னது, டேப்பு என்னது, கரண்டு என்னது.”

“சத்தம் நீங்க கொண்டு போங்க. நான் கேக்கல்ல. பாட்டை ஆரு தந்தா?”

மோகனன் அடுத்த கொக்கிக்குப் போனார். “பாட்டு நாலாளு கேக்கியதுதானே காரியம்? கேக்குதினும்லா? பின்ன என்ன?” என்றார்.

“நாலாளும் கேக்கட்டும். ஆரு படிச்சதுண்ணு கேட்டா அதுக்கும் ஒரு பதில் கிட்டட்டும். நான் எழுதிப் படிச்சதுண்ணு நீங்க போனைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா போரும். ஜெனில் பிடிப்பான்.”

மோகனன் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்ட ஆளே மாற்றிப் பேசினால் தன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்றார். அவர் பயந்தது உண்மை. புஷ்பபாய்க்கு அது புரிந்தது. குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

“செரி. நெஜம் சொல்ல முடியாதுண்ணு சொல்லியாச்சு. பொய்யும் சொல்லமாட்டேண்ணு ஒண்ணு சொல்லுங்க அண்ணா.”

அதையும் மோகனன் சொல்லவில்லை.

சபையின் சேனல் வழியாக ஜெனில் மறுப்புத் தெரிவித்துப் பார்த்தார். பாட்டை எழுதியவரே பாடியிருக்கிறார் என்று விளக்கமும் எழுதினார். கம்பெனி அதைத் தள்ளிவிட்டது. இனி மேல்முறையீடு ஒன்றுதான் வழி. அதிலும் தோற்றால் சேனலே போய்விடக்கூடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. செயலர் சத்தியராஜ் ரொம்ப நல்ல மனிதர். யாருடைய மனமும் நோகப் பேசமாட்டார். அதனாலேயே அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எடுப்பது கஷ்டம்.

“அக்கா, நம்ம சேனலு போச்சுண்ணா வெளியூருல உள்ள பிள்ளைகளுக்கு ஆராதனை கிட்டாது. படுத்த படுக்கையா கெடக்கிய வயசானவங்க இதைத்தான் பாக்குதினும். உங்களுக்குப் பாட்டுக்கா பஞ்சம்? வேற ஒண்ணு படிச்சா போராதா?”

எல்லோரும் புஷ்பபாயைப் பார்த்தார்கள். அவர் சத்தம் போடப் போகிறார் என்றுதான் ஜெனில் நினைத்தாராம்.

“நீங்க சொல்லியது நியாயம்” என்றார் புஷ்பபாய். “எனக்க வழக்குக்குச் சபைக்க சேனலைக் கொண்டு பணயம் வைக்கப்பிடாது. அந்த வழக்கை இன்னைக்கே நிறுத்துங்க. வேற பாட்டும் நான் படிப்பேன்.” சத்தியராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார். புஷ்பபாய் முடிக்கவில்லை. “இதையும் படிப்பேன். இஞ்ச இல்ல, எனக்க வீட்டுல.” பிறகு ஜெனில் பக்கம் திரும்பினார். “மக்கா, எனக்கு ஒரு சேனலு உண்டாக்கித் தா.”

அது உண்டாவதற்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. ‘புஷ்பபாய், பாறசாலை’ என்று பெயர் வைத்தார்கள். ஷீட் உலர்த்துகிற கொட்டகையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அங்கேயே நின்று படித்தார். பின்னால் கயிற்றில் ரப்பர் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. கனகதாஸ் மூச்சுக்கூட விடாமல் போனைப் பிடித்தார். பக்கவாத்தியம் ஒன்றும் கிடையாது. அவருடைய குரல் இப்போது கொஞ்சம் கரகரத்திருக்கிறது; மேலே போகிற இடத்தில் முன்பு போல ஏறாது. ஏறாத இடத்தில் அவர் நின்று, மூச்செடுத்து, பேசுகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

பாட்டைப் போட்டுவிட்டு ஜெனில் சாயா குடித்து முடிப்பதற்குள் கம்பெனியின் தடை வந்துவிட்டது. ஆள் யாரும் பார்த்துச் செய்வதல்ல, மெட்டை வைத்து இயந்திரமே கண்டுபிடிப்பது என்று ஜெனில் விளக்கினார்.

“அதுக்கு மெட்டு தெரியுது, உண்டாக்கின ஆளைத் தெரியல்ல. அப்பிடித்தானே? செரி, அடுத்தது என்ன?”

மறுப்பு அனுப்பினார்கள். தள்ளப்பட்டது. மேல்முறையீட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு ஜெனில் கையை எடுத்தார். “மாமி, இதுக்கு உங்க முழுப்பேரும் விலாசமும் குடுக்கணும். அது கம்பெனிக்குப் போவும். ஒண்ணு, அவங்க விட்டுக் குடுக்கணும். இல்லாட்டா கோர்ட்டுக்குப் போவலாம். ஆலோசிச்சிட்டுப் பட்டனை அமர்த்துங்க.”

கனகதாஸ் பொதுவாகப் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். “பிள்ளே, நமக்குண்ணு உள்ளது இந்த வீடும் இத்திரி மரமும். கேசுண்ணு வந்தா எர்ணாகுளத்துக்கு ஆரு அலைவா?”

“வண்டி உண்டுல்லா? பாறசாலையில ஏறினா எர்ணாகுளத்துல எறங்கலாம்.”

“ஏறி எறங்கியது இல்ல காரியம். தோத்தா?”

“தோத்தா, எனக்கப் பாட்டு என்னுது இல்லண்ணு ஒரு ஜட்ஜு எனக்க முகத்தைப் பாத்துச் சொல்லணும். சொல்லட்டும். இப்பம் சொல்லியது முகம் இல்லாத சாதனம். அதைக் கேட்டு நான் எதுக்கு வாய் மூடணும்?”

கனகதாஸ் எழுந்து போனார். சோற்றுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவி வந்து துண்டில் துடைத்துக்கொண்டே, “காலத்த எர்ணாகுளத்துக்கு உள்ள வண்டி எப்பம்?” என்று மட்டும் கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம். புஷ்பபாய் அமர்த்தினார்.

பதில் வரவில்லை. அந்த நாட்களில் தபால்காரரைத் தூரத்தில் கண்டாலே கனகதாஸ் ரப்பர் மரங்களுக்குள் போய்விடுவார். புஷ்பபாய் வாசலிலேயே நின்று, “நமக்கு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்பார். சபையில் பாட்டுப் படிக்கச் சொன்னால் எழுந்து வேறு பாட்டுப் படித்தார். ஆனால் முன்பு மாதிரி முன்வரிசையில் உட்காரவில்லை என்பதைச் சிலர் கவனித்தார்கள். ஜிஜா போனில் அழுதாள். “விட்டிடுங்கம்மா. அந்தப் பாட்டை நான் கேட்டு வளந்தேன். எனக்குத் தெரியும். அது போராதா?”

“உனக்குத் தெரியும் மோளே. மட்டக்களப்புல ஒருத்தன் கேட்டிருக்கான். அவனுக்குத் தெரியாதுல்லா.”

ஒரு மத்தியானம் வீட்டு முன்னால் ஆட்டோ நின்றது. இறங்கியவர் மோகனன். அந்த வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. கொட்டகையின் புளிச்ச வாசனைக்கு மூக்கைச் சுருக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“கம்பெனியில இருந்து ஆளு வந்தான்” என்றார். “உங்க மேல்முறையீடு அங்க போயிருக்கு. சத்தம் மட்டும் போராதாம், பாட்டு எழுதினதும் மெட்டு போட்டதும் மோகனனுக்க ஸ்டுடியோதாண்ணு புதுசா ஒரு ஒப்பு வேணுமாம். அவனே எல்லாம் எழுதிக் கொண்டு வந்திருக்கான். நான் ஒப்பு போட்டா போரும்.”

கனகதாஸ் வாசல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  

“எனக்கு ஒரு ஸ்வரம் தெரியுமா புஷ்பபாயே? பட்டனை அமர்த்தத் தெரியும். நான் வாங்கி விக்கிய கச்சவடக்காரன். கள்ளன் இல்ல. மாட்டேண்ணு சொல்லிவிட்டேன்.” தம்ளரைக் கீழே வைத்தார். “முன்ன வித்ததை இனி ஒண்ணும் செய்ய முடியாது. அந்தச் சத்தம் அவங்களுக்கு உள்ளதாக்கும். அது எனக்கத் தப்பு.”

“இரிங்க அண்ணா. சோறு உண்டு” என்றார் புஷ்பபாய்.

மோகனன் இருந்து சாப்பிட்டார். சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சாப்பிடும்போது பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருடைய முட்டுவலியைப் பற்றியும் நெய்யாற்றின்கரையில் வண்டி நிறுத்த இடமில்லாததைப் பற்றியும் பேசினார்கள்.

கொஞ்ச நாளில் கம்பெனி தடையை எடுத்துக்கொண்டது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஷீட் கொட்டகையில் நின்று புஷ்பபாய் படித்த பாட்டு இப்போது சத்தத்தோடு இருக்கிறது. அதன் கீழே முதலில் எழுதியவள் ஜிஜா. கோதுமை வயல் படத்தோடு உள்ள பழைய பதிவும் அங்கேதான் இருக்கிறது. அது அவர்கள் வாங்கிய சத்தம். எடுக்கச் சொல்ல புஷ்பபாய்க்கு உரிமை இல்லை. அதில் பெயர் இன்னும் ‘குழுவினர்’தான். “எடுக்க வேண்டாம். பேரு போட்டா போரும். போடுவினும். நான் எழுதியதை அழிச்சு அழிச்சு அவங்களுக்குக் கை கழைக்கும்லா?” என்கிறார்.

கன்வென்ஷன் மேசையில் காலண்டருக்குப் பக்கத்தில் இப்போது ஓர் அட்டை நிற்கிறது. அதில், போனில் பிடித்தால் அவருடைய சேனல் திறக்கிற, ஜெனில் அடித்துத் தந்த கறுப்பு வெள்ளைச் சதுரம். புஷ்பபாய் அதைக் ‘கட்டம்’ என்பார். பெட்டி மைக்கில் ஒரு சரணம் படித்துவிட்டு, “பாக்கி வேணுமா? கட்டத்தைப் பிடிங்க மக்கா” என்பார். பிடிக்கிறார்கள். சிலர் கட்டத்தையும் பிடித்து ஒரு காலண்டரும் வாங்குகிறார்கள். போன அதியன்னூர் கூட்டத்தில் ஒரு பெண் போனை நீட்டியபடி வந்து, “இது நீங்களா? நீங்க இருக்கியளா?” என்று கேட்டுவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

புதுப்பாட்டுகளும் வருகின்றன. பால் எடுக்கும்போது ஒரு வரி, ஷீட் அடிக்கும்போது ஒரு வரி. வாரம் ஒன்றாவது கொட்டகையில் நின்று படிக்கிறார். அப்படிப் படிக்க நின்ற ஒரு நாள்தான் அந்த அழைப்பு வந்தது. அதே கம்பெனி. இந்த முறை நல்ல மரியாதையான, பட்டணத்துத் தமிழ் பேசுகிற ஒரு பையன். புதுப்பாட்டுகளையெல்லாம் உலகம் பூராவும் எல்லா ஆப்பிலும் தாங்களே போட்டுத் தருவதாகச் சொன்னான்.

“நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம் மேடம். ஒப்பந்தம் எல்லாம் ஆன்லைன்லயே ரெடி. இப்ப உங்களுக்கு ஒரு நம்பர் வரும். அத மட்டும் சொன்னா போதும், சைன் ஆயிடும்.”

எண் வந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கனகதாஸ் மனைவியைப் பார்த்தார்.

“அதுல எனக்கப் பேரு போடுவியளா மக்கா?”

“கண்டிப்பா மேடம். பெருசாவே போடுவோம்.”

“எனக்கப் பேரு என்ன?”

 அந்தப் பக்கத்தில் விசைகளைத் தட்டுகிற ஒலி கேட்டது. “ஒரு நிமிஷம் மேடம்… லிஸ்ட்ல இருக்கு… கொஞ்சம் லைன்ல இருங்க…”

புஷ்பபாய் லைனில் இருந்தார். அவசரப்படுத்தவில்லை. கயிற்றில் தொங்கிய ஒரு ஷீட்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். தட்டுகிற ஒலி தொடர்ந்துகொண்டே இருந்தது. “பேரு தெரியாத ஆளுக்கு நம்பரு சொல்லப்பிடாதுண்ணு பாங்குல சொல்லியிருக்கினும் மக்கா” என்று சொல்லிவிட்டுத் துண்டித்தார். வந்த எண்ணையும் அழித்தார்.

பிறகு போனைத் திருப்பி, காமிராக் கண்ணில் வாய் வைத்து ஊதி, சேலைத் தலைப்பால் அழுந்தத் துடைத்து, கனகதாஸின் கையில் கொடுத்தார்.